கண்ணாடிப் பெட்டி வேண்டாம்: நூலகக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நூலக நிர்வாகக் குழுவினருக்கும் நூலகர்களுக்கும் வணக்கம்.

நாங்கள் கையால் தைத்த ஐந்து பழங்கால உடை நகல்களை ஒரு மாதம் நூலகத்தில் வைக்க இடம் தருவதாகச் சொல்லியிருக்கிறீர்கள். நுழைவாயிலில் பூட்டுப் போட்ட கண்ணாடிப் பெட்டி, உள்ளே இரண்டு விளக்கு, வெளியே 'தொடாதீர்கள்' என்று ஒரு பலகை. கேட்டவுடன் மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. வீட்டுக்கு வந்து உடைகளை ஒவ்வொன்றாக எடுத்து விரித்துப் பார்த்தபோது மனம் ஒப்பவில்லை. பெட்டி வேண்டாம், வாசலும் வேண்டாம், அலமாரிகளுக்கு நடுவே இடம் கொடுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல். வாசகர்களும் படிக்கட்டும் என்று திறந்த மடலாகவே எழுதுகிறேன். உடைகள் நிற்கப்போவது அவர்கள் நடமாடும் வழியில்தானே.

முதலில் என்னென்ன உடைகள் என்று சொல்லிவிடுகிறேன். எகிப்தில் தர்கான் என்ற இடத்தில் கிடைத்த லினன் உடையின் நகல் ஒன்று. இடைக்கால ஐரோப்பாவின் பச்சைக் கம்பளி அங்கி ஒன்று. 18-ஆம் நூற்றாண்டுக் கூலித் தொழிலாளி ஒருவர் போட்டிருக்கக்கூடிய முரட்டு லினன் சட்டை. 1770-களின் பட்டு கவுன். கடைசியாக, 1850-களின் இறுதியில் பெண்கள் கட்டிக்கொண்டு திரிந்த எஃகு வளையப் பாவாடை. ஐந்தில் மூத்ததற்கு வயது நான்கு.

"நகல்தானே, இதற்கு எதற்கு இவ்வளவு ஆர்ப்பாட்டம்?" என்று உங்கள் கூட்டத்தில் ஒருவர் கேட்டதாகக் காதில் விழுந்தது. கேட்டவர் மேல் கோபமில்லை. நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தேன். அசல் உடையின் கதி என்ன என்று பாருங்கள். மர்லின் மன்றோ 1962-இல் அதிபர் கென்னடிக்குப் பிறந்தநாள் பாட்டுப் பாடியபோது போட்டிருந்த உடையை 2022-இல் வேறொருவர் ஒரு விழாவுக்கு அணிந்துகொண்டு போனார். வரலாற்று மதிப்புள்ள உடையை யாரும் அணியவே கூடாது என்று பன்னாட்டு அருங்காட்சியக மன்றத்தின் உடைக் குழு அறிக்கை விட்டது. சரியான அறிக்கைதான். அறுபது வயது உடைக்கே அப்படியென்றால் இருநூறு வயதுப் பட்டை யார் தொட முடியும்? அசல் பெரும்பாலும் இருட்டறையில், அமிலமில்லாத தாளுக்குள் படுத்திருக்க வேண்டியதுதான். நகலுக்கு உள்ள ஒரே பெருமை, அதைத் தொடலாம் என்பது. அதையும் பூட்டிவைத்தால் அதற்கு என்ன மிச்சம்?

அசலைத் தொட அனுமதி பெற்ற சிலர் எங்களைப் போன்றவர்களுக்கு ஒரு பெரிய உதவி செய்துவிட்டுப் போயிருக்கிறார்கள். ஜேனட் ஆர்னால்ட் என்ற ஆய்வாளர் அருங்காட்சியகங்களில் உள்ள உடைகளைத் தையல் தையலாக அளந்து, எட்டில் ஒரு பங்கு அளவில் கட்டம் போட்ட தாளில் வரைந்து வைத்தார். அந்த வரைபடங்கள் 1964 முதல் புத்தகமாக வரத் தொடங்கின. எங்கள் பட்டு கவுன் பிறந்தது அந்த வகைப் புத்தகம் ஒன்றிலிருந்து. புத்தகம் கிடைத்தது உங்கள் நூலகத்தில். வரைபடத்தை எட்டு மடங்காகப் பெருக்குவதற்கு உங்கள் நகலெடுக்கும் இயந்திரத்தின் முன்னால் ஒரு பிற்பகல் முழுக்க நின்றோம். வரிசையில் காத்திருந்த மாணவர்கள் முறைத்தார்கள். தாள்களை ஒட்ட உங்கள் வாசிப்பு மேசையில் இடம் போதாமல் தரையில் விரித்தோம். "கையா இது, காலா?" என்று கேட்டபடி அன்றைக்குப் பணியில் இருந்த நூலகரும் முட்டி போட்டு உட்கார்ந்து ஒரு ஓரத்தைப் பிடித்துக்கொண்டார். அது முதுகுத் துண்டு.

ஒரு உடைக்காக உங்கள் கட்டடத்தில் நாங்கள் எத்தனை திசையில் ஓடினோம் தெரியுமா? நூலகங்கள் பொருள்வாரியாகப் புத்தகங்களுக்கு எண் போடும் தியூயி வகைப்பாட்டில் உடைகளும் வழக்கங்களும் 391. தையலும் துணி வெட்டுவதும் 646. சாயம் 667. நெசவு 677. பூவேலை 746. எண் போட்டவர் தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறார். ஆனால் இந்த ஐந்து எண்களும் ஒன்றாகச் சேரும் இடம் நூலகத்தில் எங்கும் கிடையாது. ஒரு சட்டைக்குள்தான் சேர்கின்றன. அந்தச் சட்டையை அலமாரிகளின் பக்கத்தில் நிறுத்தி, ஒவ்வொரு துண்டிலும் ஒரு எண் அட்டையைத் தொங்கவிட்டால் பார்க்கிறவர் அங்கிருந்தே புத்தகத்துக்குப் போவார். வாசலில் வைத்தால் "அழகாக இருக்கிறது" என்று சொல்லிவிட்டு நாளிதழ் பக்கம் நடந்துவிடுவார். (நூல் என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் இருப்பதை வைத்து நான் எதுவும் சொல்லப்போவதில்லை. சொல்லைப் பஞ்சாகவும் அறிவைக் கதிராகவும் வைத்து நூல் நூற்பதை நன்னூலார் எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே பாடி முடித்துவிட்டார். அதற்கு மேல் யார் என்ன சொல்ல?)

அடுத்த கோரிக்கை உங்களுக்கு விநோதமாகப் படலாம். ஐந்தில் இரண்டையாவது உட்புறம் வெளியே தெரியும்படி, திருப்பி மாட்ட அனுமதியுங்கள்.

தர்கான் உடையின் கதையைச் சொன்னால் புரியும். 1913-இல் தொல்லியலாளர் பிளிண்டர்ஸ் பீட்ரியின் அகழாய்வில் அழுக்குத் துணி மூட்டையாகத்தான் அது வந்து சேர்ந்தது. யாரும் பிரிக்கவில்லை. 1977-இல் லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் அந்த மூட்டையைச் சுத்தம் செய்தபோது உள்ளேயிருந்து கொசுவம் வைத்த கைகளும் தோள்பகுதித் துண்டும் கொண்ட மேலாடை ஒன்று வெளிப்பட்டது. கார்பன் காலக்கணிப்பின்படி அதற்கு ஐயாயிரம் ஆண்டுக்கு மேல் வயது. நெய்து தைத்த உடைகளில் நமக்குக் கிடைத்திருப்பவற்றில் இதுவே மிகப் பழையது. அது கிடைத்தபோது உட்புறம் வெளியே திரும்பியிருந்தது. தலைவழியாகக் கழற்றும்போது உடை அப்படித்தானே புரளும். முழங்கையிலும் அக்குளிலும் சுருக்கம் விழுந்திருந்தது. யாரோ ஒருவர் அதைப் போட்டு, கையை மடக்கி நீட்டி, வியர்த்து, ஒரு நாள் கழற்றிப் போட்டிருக்கிறார். வெளிப்பக்கத்தை மட்டும் பார்த்திருந்தால் இதில் பாதி தெரிந்திருக்காது.

எங்கள் பட்டு கவுனையும் திருப்பிப் பார்த்தால்தான் விஷயம் இருக்கிறது. வெளியே பளபளப்பு. உள்ளே பாவாடைத் துண்டுகளை இணைக்கும் தையல்கள் நீளம் நீளமாக, கொஞ்சம் சோம்பலாக ஓடும். அது எங்கள் கைவேலையின் குறை என்று நினைத்துவிடாதீர்கள். அந்தக் காலத்தில் தையல்கூலி மலிவு, பட்டு கொள்ளை விலை. மோஸ்தர் மாறியதும் தையலைப் பிரித்துத் துணியை வேறு உடையாக்க வேண்டும். எளிதில் பிரிய வேண்டும் என்பதற்காகவே நீளத் தையல். தொழிலாளியின் சட்டையில் வேறொரு கணக்கு: எல்லாத் துண்டும் சதுரம் அல்லது நீள்சதுரம். வளைவாக வெட்டியது ஒன்றுகூட இல்லை, வீணான துணியும் இல்லை. கை தூக்க வசதியாக அக்குளில் ஒரு சிறு சதுரம் வைத்துத் தைத்திருக்கும். இதைப் பார்த்ததும் கணக்கு ஆசிரியர் யாராவது பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வருவார், பந்தயம் கட்டுகிறேன்.

இந்தச் சட்டையைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஐந்தில் எனக்குப் பிடித்தது இதுதான். அருங்காட்சியகங்களில் பட்டு கவுன்கள் நிறையக் கிடைக்கும், கூலிக்காரரின் சட்டை அபூர்வம். கிழியும்வரை போட்டார்கள், ஒட்டுப் போட்டார்கள், பிறகு குழந்தைக்கு வெட்டித் தைத்தார்கள், அதுவும் நைந்தபின் கந்தல் பொறுக்குகிறவர் கையில் கொடுத்தார்கள். கந்தல் எங்கே போனது? காகித ஆலைக்கு. மரக்கூழ் வரும்வரை ஐரோப்பாவில் காகிதம் என்றால் லினன், பருத்திக் கந்தல்தான். வெள்ளைக் கந்தல் எழுதும் தாளாகவும் நிறக் கந்தல் பொட்டலத் தாளாகவும் ஆகும். பொத்தானை வெட்டி எடுத்து, ஊறப்போட்டுப் புளிக்கவைத்து, உலக்கை போன்ற சம்மட்டிகளால் இடித்துக் கூழாக்குவார்கள். மரத்தை அரைத்துக் கூழாக்கும் வழியை ஜெர்மனியில் கெல்லர் கண்டது 1844 வாக்கில். அதற்கு முன் அங்கே அச்சான புத்தகம் எதைத் திறந்தாலும் யாரோ போட்டுக் கிழித்த சட்டையைத்தான் புரட்டுகிறோம்.

ஏழைகளின் உடை எங்கே என்று கேட்பவருக்கு ஒரு நூலகம் மட்டும்தான் "இதோ, அலமாரியில்" என்று பதில் சொல்ல முடியும். உங்களிடம் அப்படிப்பட்ட பழைய அச்சு நூல் ஒன்று இருந்தால் அதன் ஒரு பக்கத்தைத் திறந்து, சட்டைக்குப் பக்கத்தில் வையுங்கள். அந்தப் புத்தகத்துக்கு வேண்டுமானால் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், அது அசல். சட்டை திறந்தே நிற்கட்டும், வருகிறவர் கையை உள்ளே விட்டுப் பார்க்கட்டும். பார்வையற்ற வாசகர்களையும் நினைத்துப் பாருங்கள். அவர்களுக்குக் கண்ணாடிப் பெட்டி என்பது வெறும் கண்ணாடி.

வெளிச்சத்தைப் பற்றி அனுபவத்தில் அறிந்ததைச் சொல்கிறேன். முன்பு ஓரிடத்தில் எங்கள் பச்சை அங்கியை மேற்குப் பார்த்த ஜன்னலில் ஆறு வாரம் வைத்தார்கள். நல்லெண்ணத்தோடுதான். திரும்பி வந்தபோது இடது தோள் நீலமாகியிருந்தது. அந்தக் காலத்தில் பச்சைக்கென்று நல்ல சாயம் இல்லாததால், வெல்ட் என்ற செடியின் மஞ்சளையும் நீலச் சாயத்தையும் ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றுவார்கள். நாங்களும் வெல்ட்டில் ஒரு முறை, அவுரியில் ஒரு முறை முக்கியெடுத்திருந்தோம். வெயில் மஞ்சளை முதலில் தின்னும். பழைய ஐரோப்பியச் சித்திர நெசவுத் திரைச்சீலைகளில் மரங்களின் இலைகள் நீலமாக இருப்பதும் இதனால்தான். வெளுத்த நிறம் திரும்பாது. அங்கியை அப்படியே வைத்திருக்கிறோம், அந்தத் தோளோடுதான் கொண்டுவருவோம். அது ஒரு பாடம்.

அருங்காட்சியகங்கள் துணிக்கு 50 லக்ஸ் வெளிச்சம் போதும் என்பார்கள். வாசிப்பு மேசைக்கு 500 வேண்டும். நண்பகல் வெயிலோ ஒரு லட்சத்தை நெருங்கும். எங்களுடையவை நகல்கள் என்பதால் 50 என்று அடம்பிடிக்க மாட்டோம். ஆனால் உங்கள் வாசல் கிழக்கு பார்த்தது, காலையில் கண் கூசுகிறது. அலமாரி இடுக்குகள் மங்கலாக இருக்கின்றன. படிக்கிறவருக்கு அது குறை, துணிக்கு வரம்.

பூச்சி பயம் உங்களுக்கு இருப்பது நியாயம். கம்பளி அங்கியை மைனஸ் 20 டிகிரியில் இரண்டு வாரம் உறையவைத்த பிறகே உள்ளே கொண்டுவருவோம். லினனுக்குக் கஞ்சி போட மாட்டோம். போட்டால் உங்கள் புத்தகப் பசைக்கு வரும் ராமபாணப் பூச்சி விருந்துக்கு இங்கே வந்துவிடும். தொட்டுத் தொட்டு அழுக்கானால் துவைத்துக்கொள்வோம், கிழிந்தால் ஒட்டுப் போடுவோம். ஒட்டுப் போட்ட சட்டை இன்னும் அசலாகத் தெரியும். எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருகிறோம். ஒன்றே ஒன்று மட்டும் வேண்டாம்: பெயர்ச் சீட்டைக் குண்டூசியால் துணியில் குத்துவது. துருவும் ஓட்டையும் போகவே போகாது.

பெயர்ச் சீட்டில் என்ன எழுதுவது என்பதிலும் எங்களுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. 'பழங்கால உடை' என்று மொட்டையாக எழுதாதீர்கள். எந்த ஆண்டு தைத்தது, எந்த இடம் வரைபடத்தைப் பார்த்துச் செய்தது, எந்த இடம் எங்கள் ஊகம், எங்கே ஏமாற்றினோம் என்று எல்லாம் இருக்க வேண்டும். பட்டு கவுனின் உள்துணியில் ஒரு நீளத் தையலை இயந்திரத்தில் ஓட்டிவிட்டோம். இரவு பதினொன்றரை மணி, பொறுமை தீர்ந்துபோயிருந்தது. சிங்கர் தையல் இயந்திரக் காப்புரிமை 1851-இல் வந்தது. ஆகவே 1770-களின் கவுனில் அது பச்சைப் பொய். வாசகர்கள் அந்தத் தையலைத் தேடிக் கண்டுபிடிக்கட்டும்.

கடைசியாக ஒரு நடைமுறைச் சிக்கல், அதற்கு உங்கள் உதவி வேண்டும். எஃகு வளையப் பாவாடைக்கான காப்புரிமை 1856-இல் பாரிஸில் பதிவானது. அடுக்கடுக்காகக் கனத்த உள்பாவாடைகளைச் சுமந்துகொண்டிருந்த பெண்களுக்கு அது பாரத்தைக் குறைத்தது. இடத்தைக் குறைக்கவில்லை. எங்களுடையதன் அடிச்சுற்று மூன்றேகால் மீட்டர், அதாவது குறுக்கே ஒரு மீட்டருக்கு மேல். உங்கள் அலமாரிகளுக்கு இடையில் உள்ள வழியை ஒருமுறை அளந்து சொல்லுங்கள். 646-ஆம் வரிசையின் முனையில் அது நுழைந்தால் நல்லது. நுழையாவிட்டால் அந்த ஒன்றை மட்டும் வாசலிலேயே வைத்துக்கொள்வோம், பெட்டி இல்லாமல்.

அன்புடன்,
தையல் குழுவின் சார்பில், உங்கள் வாசகர்களில் ஒருவர்