குந்தவைக்குப் பதினான்கு வயது: மருமகளுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள மருமகளே,

ராஜராஜ சோழனின் அக்கா குந்தவையைப் பதின்வயதுப் பெண்ணாக வைத்து நீ எழுதிய நாவலைப் படித்துவிட்டேன். போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் பள்ளிப் பிள்ளைகளுக்கு வரலாற்றுக் கதை எழுத உன்னைப் போல இன்னும் சிலர் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களுக்கும் உதவட்டும் என்று இங்கேயே எழுதுகிறேன். உன் பெயரைப் போடவில்லை, பயப்படாதே.

முதலில் சில்லறைச் சமாச்சாரங்களை முடித்துவிடுகிறேன். குந்தவை மிளகாய் பஜ்ஜி சாப்பிட முடியாது. மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு எல்லாம் போர்ச்சுகீசியர் வந்த பிறகுதான் நம் அடுப்புக்கு வந்தன. காரத்துக்கு மிளகு போடு. அவள் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தை அண்ணாந்து பார்க்கவும் முடியாது. அது முடிந்தது 1010-இல். அப்புறம் அந்தச் சுரங்கப்பாதை! நம் சரித்திரக் கதைகளை நம்பினால் சோழ நாட்டுக்குக் கீழே இன்னொரு சோழ நாடே இருக்க வேண்டும். சோழர் அரண்மனை இருந்த பழையாறை காவிரிப் படுகையில் இருக்கிற ஊர், கொஞ்சம் தோண்டினாலே தண்ணீர் வந்துவிடும். உன் இளவரசி நீந்தித்தான் தப்பிக்க வேண்டியிருக்கும்.

சரி, பெரிய விஷயத்துக்கு வருகிறேன். நீ எல்லாத் துயரத்தையும் ஒரே ஆண்டில் கொட்டிவிட்டாய். அவளுக்குப் பதினைந்து வயது ஆகிறது, அண்ணன் ஆதித்த கரிகாலன் கொல்லப்படுகிறான், அப்பா சாகிறார், அம்மா தீப்பாய்கிறாள், இவள் மாறுவேடம் போட்டுக்கொண்டு கொலையாளியைத் தேடிக் கிளம்புகிறாள். காலம் இதற்கு இடம் தராது. அவள் அப்பா சுந்தர சோழர் ஆட்சிக்கு வந்தது 957 வாக்கில். ஆதித்தன் கொலையுண்டது 970-ஐ ஒட்டி. அதற்குச் சில ஆண்டுகள் கழித்துக் காஞ்சியின் பொன்மாளிகையில் சுந்தர சோழர் இறந்தார். அதற்குள் குந்தவை சிறுமிப் பருவத்தைத் தாண்டியிருப்பாள்.

அவளுடைய பதின்பருவத்தை எங்கே தேடுவது? ஆனைமங்கலச் செப்பேட்டில் ஒரு பிடி கிடைக்கிறது. சேவூர்ப் போரில் ஆதித்தன் பாண்டிய மன்னன் வீரபாண்டியனோடு மோதியதை, மதயானையோடு விளையாடும் சிங்கக்குட்டிக்கு ஒப்பிடுகிறது அது. அப்போது அவன் பையன். அப்படியென்றால் அந்த வீட்டுப் பிள்ளைகள் எல்லோரும் சின்னஞ்சிறுசுகளாக இருந்த காலம் அது, 960-களின் தொடக்கம். உன் கதை நடக்க வேண்டியது அங்கேதான்.

அங்கே எவ்வளவு இருக்கிறது, பார். அண்ணன் போருக்குப் போகிறான். திரும்பி வரும்போது 'வீரபாண்டியன் தலைகொண்ட' என்ற பட்டத்தோடு வருகிறான். பாண்டியன் தலையைத் தன் ஊரில் வெற்றித்தூண் போல நாட்டினான் என்கிறது திருவாலங்காட்டுச் செப்பேடு. போன வருஷம் வரை தாயக்கட்டையில் தன்னிடம் தோற்றுச் சண்டை போட்ட அண்ணன் அவன். ஊர் முழுக்கக் கொட்டு முழங்குகிறது. பதினான்கு வயதுத் தங்கை ஆரத்தித் தட்டோடு வாசலில் நிற்கிறாள். அவன் முகத்தை அவள் எப்படிப் பார்ப்பாள்? அவன் கைகளையா, கண்களையா? பெருமையாக இருக்குமா, வயிற்றைப் பிசையுமா, இல்லை இரண்டும் ஒன்றாகவா? இதற்கு ஒரு முழு அத்தியாயம் கொடு. பிள்ளைகள் பயந்துவிடுவார்கள் என்று நீ நினைக்கலாம். அவர்கள் போனில் பார்க்காததா? தலையை வர்ணிக்காதே, போதும். அவள் அந்தத் தெருவைச் சுற்றிக்கொண்டு வேறு வழியாகக் கோயிலுக்குப் போகிறாள் என்று மட்டும் எழுது.

வீட்டுக்குள்ளேயும் கதை இருக்கிறது. பெரிய தாத்தா முறையான மன்னர் கண்டராதித்தர் இறந்தபோது அவர் மகன் உத்தமன் குழந்தை. அதனால் பட்டம் குந்தவையின் தாத்தா அரிஞ்சயருக்கும், பிறகு அப்பாவுக்கும் வந்தது. உத்தமன் அவளுக்குச் சித்தப்பா முறை! தன் வயதையொத்த பொடியனைச் சித்தப்பா என்று கூப்பிட வேண்டிய பெண்ணின் கடுப்பை உன்னை விட நன்றாக யார் எழுத முடியும்? நம் வீட்டிலும் அப்படி ஒருத்தர் உண்டே. சிரிக்கச் சிரிக்க எழுது. ஆனால் உண்மையில் அரியணை யாருக்கு என்ற கேள்வியும் அந்தச் சிரிப்புக்கு அடியில் இருக்கட்டும். இவள் தம்பி அருண்மொழிக்கு, அதாவது ராஜராஜனுக்கு முன்னால் அந்தச் சித்தப்பாதான் அரசாளப் போகிறார், 985 வரை.

உத்தமனின் தாய் செம்பியன் மாதேவி உன் நாவலில் இரண்டு இடத்தில் ஆசீர்வாதம் செய்துவிட்டுப் போய்விடுகிறார். அநியாயம். செங்கல் கோயில்களைக் கருங்கல்லில் மாற்றிக் கட்டியவர். திருக்கோடிகாவில் பழைய சுவரைப் பிரித்தபோது, அதிலிருந்த கல்வெட்டுகளைப் புதுச் சுவரில் படியெடுத்து வெட்டச் செய்தவர். அது உன் கதைக்குச் சற்றுப் பிந்திய காலம்தான். இருந்தாலும் அந்த எண்ணம் ஒரே நாளில் வந்திருக்குமா? பேத்தி முறைப் பெண் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கட்டும்.

நான் சொல்ல வந்ததே இதுதான். பதின்வயது இளவரசி என்றாலே அரண்மனையை விட்டு ஓட வேண்டும், வாள் பிடிக்க வேண்டும், கல்யாணம் வேண்டாம் என்று கத்த வேண்டும் என்று ஆகிவிட்டது. குந்தவையைப் பற்றிக் கல் சொல்வது வேறு. தஞ்சைப் பெரிய கோயில் சுவரில் அவள் கொடுத்த நகைகளைப் படித்துப் பார். முத்துகளை வட்டம், அனுவட்டம், ஒப்புமுத்து, குறுமுத்து, கரடு, இரட்டை என்று வகை பிரித்திருக்கிறார்கள். முத்தின் ஒளியில்கூட 'குளிர்ந்த நீர்', 'சிவந்த நீர்' என்று வேறுபாடு. எடை கழஞ்சு, மஞ்சாடி, குன்றி வரை போகிறது. கோயிலில் தான் எழுந்தருளுவித்த திருமேனிகளின் செலவுக்காக ஊர்ச் சபைகளிடம் காசு கொடுத்து வைத்திருக்கிறாள். ஒரு காசுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு, அதாவது எட்டில் ஒரு பங்கு வட்டி. இதெல்லாம் அந்தப் பெண்ணுக்கு எப்போது கைவந்தது? கணக்கும் கல்லும் நிலமும் தெரிந்த ஒரு பெண்ணாக அவள் வளர்ந்தது அந்த வயதில்தானே?

அதனால் சுரங்கப்பாதை அத்தியாயத்தை எடுத்துவிட்டு அங்கே ஒரு முத்துப் பையைக் கொண்டு வா. கருவூலத்தில் ஒரு கிழவர் பிரித்துக் காட்டுகிறார். ஒட்டிப் பிறந்த இரட்டை முத்தை உருண்டையான வட்ட முத்தோடு கலந்துவிட்ட யாரோ ஒருவரின் திருட்டை இவள் கண்டுபிடிக்கிறாள். கொலை மர்மத்துக்குக் கொஞ்சமும் குறையாத மர்மம் அது. பிள்ளைகள் மூச்சு விடாமல் படிப்பார்கள்.

குந்தவையின் கணவன் வந்தியதேவனை என்ன செய்வது என்று கேட்டிருந்தாய். 'வல்லவரையர் வந்தியதேவர் மஹாதேவியார்' என்று அவள் பெயரோடு வருவதால்தான் அந்த மனிதரை நாம் முக்கியமாக அறிகிறோம். அவருக்கு அத்தனை பக்கம் கொடுக்காதே. நம் எல்லோர் மனதிலும் அவருக்கு ஏற்கெனவே ஒரு முகம் இருக்கிறது, உன்னால் அதோடு போட்டி போட முடியாது.

கடைசியாக, அம்மா. வானவன் மாதேவி தீப்புகுந்ததைத் திருக்கோவலூர்க் கல்வெட்டு புகழ்ந்து பாடுகிறது: 'முலைமகப் பிரிந்து முழங்கெரி நடுவணும் தலைமகற் பிரியாத் தையல்'. பால்குடிக் குழந்தையை விட்டுவிட்டுப் போனாள் என்று அதே வரியில் சொல்லிவிடுகிறது. நீயும் அந்தப் புகழ்ச்சியை அப்படியே வாங்கி எழுதியிருக்கிறாய். வேண்டாம். அந்தச் சாவு உன் கதை முடிந்து பல வருஷம் கழித்து நடப்பது, அது வெளியிலேயே இருக்கட்டும். அதற்குப் பதில் தாயும் மகளும் சேர்ந்து சும்மா பேசிக்கொண்டிருக்கிற காட்சிகள் வேண்டும். திருக்கோவலூரை ஆண்ட மலையமான் வீட்டுப் பெண் அவள். தென்பெண்ணைக் கரையில் வளர்ந்தவள். தன் பிறந்தகத்தைப் பற்றி மகளிடம் ஆயிரம் சொல்லியிருப்பாள். பின்னாளில் அந்த மகள் தஞ்சைக் கோயிலில் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் திருமேனி செய்து வைத்தாள், தஞ்சையில் அப்பா பெயரில் இருந்த ஆதுலர் சாலைக்கு, அதாவது மருத்துவமனைக்கு, நிலம் கொடுத்தாள். இதைப் பின்குறிப்பாக ஒரு பக்கத்தில் போடு, போதும்.

முத்து அத்தியாயத்தை எழுதியதும் முதலில் எனக்கு அனுப்பு, உன் அப்பாவுக்கு அல்ல. அவன் சுரங்கப்பாதை எங்கே என்று கேட்பான்.

அன்புடன்,
அத்தை