கடல்தண்ணீருக்குக் கரிப்பசை மின்வாய்

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய ஆய்வுத் திட்டத்தை முழுக்கப் படித்தேன் தாயி. இறால் ஓட்டிலிருந்து எடுத்த கைட்டோசானைக் கரிப்பசையில் கலந்து மின்வாய் (எலக்ட்ரோடு) செய்து, நம் கரைத் தண்ணீரில் ஈயமும் செம்பும் பார்க்கப் போகிறாய். நல்ல தேர்வு. வலைக்கு ஈயக்குண்டு கட்டுகிற கரை இது. படகடியில் பாசி பிடிக்காமல் இருக்கப் பூசும் பெயின்டில் செம்பு இருக்கிறது. ஆனால் திட்டத்தில் மின்வாய்க்கு நாலு பக்கம், தண்ணீருக்கு நாலு வரி என்று வைத்திருக்கிறாய். ஏமாற்றுவது தண்ணீர்தான்.

முதலில் பசை. 1958-இல் வேதியியலாளர் ஆடம்ஸ் கொண்டுவந்தது இது. இன்றைக்கு வழக்கமான கலவை: கிராஃபைட் தூள் ஏழு பங்கு, பாரஃபின் எண்ணெய் மூன்று பங்கு. நீ கைட்டோசான் சேர்ப்பதால் கிராஃபைட் 0.6 கிராம், கைட்டோசான் 0.1 கிராம், எண்ணெய் 0.3 கிராம் என்று தொடங்கு. அகேட் கல்வத்தில் அரைமணி நேரம் அரைத்து, ஒரு நாள் மூடி வைத்த பிறகு எடு. எண்ணெய் கூடினால் மின்னோட்டம் மந்தமாகி, வரைபடத்தில் உலோகத்தைக் காட்டும் உச்சி அகன்றுபோகும். குறைந்தால் பசை உதிர்ந்து கரைசல் உள்ளே இறங்கும். 3 மில்லிமீட்டர் துளையுள்ள டெஃப்லான் குழாயில் கொஞ்சம் கொஞ்சமாகத் திணி, காற்றிடை இருக்கக் கூடாது. தொடர்புக்குச் செம்புக் கம்பி வைக்காதே. கரைசல் ஒரு துளி அதுவரை கசிந்தாலும் கடலில் இல்லாத செம்பு உன் வரைபடத்தில் தெரியும். துருப்பிடிக்காத எஃகுக் கம்பி போதும். கிராஃபைட்டிலும் உலோகக் கசடு இருக்கலாம். நைட்ரிக் அமிலத்தில் ஊறவைத்துக் கழுவி உலர்த்திய பின் பயன்படுத்து. மேற்பரப்பை வழுவழுப்பான காகிதத்தில் தேய்த்தால் பளபளப்பு வரும். ஒரே பசையில் செய்த மூன்று மின்வாய்கள் ஒன்றுக்கொன்று பத்து சதவீதத்துக்குள் ஒத்துப்போகாவிட்டால் அந்தப் பசையைத் தள்ளிவிடு.

கைட்டோசானில் ஒரு பொறி இருக்கிறது. நீ அளக்கப்போவது அசிட்டேட் தாங்கல் கரைசலில் (பிஎச்சை மாறாமல் வைக்கும் கரைசல்), அதன் பிஎச் 4.5. கைட்டோசான் அமிலத்தில் கரையும். இழைகளை ஒன்றோடொன்று கட்டும் குறுக்குப் பிணைப்பு இல்லாமல் போட்டால் நீ அளக்கும்போதே மின்வாயின் மேற்பரப்பிலிருந்து அது கழன்று போய்க்கொண்டிருக்கும். ஒவ்வொரு அளவீட்டிலும் உச்சி குறையும். குளூட்டரால்டிஹைடு கொண்டு பிணைத்து, நன்றாகக் கழுவி உலர்த்தி, சலித்த பிறகு கல. மிகையாகப் பிணைத்தாலும் நஷ்டம்: உலோகத்தைப் பிடிக்கிற அமீன் தொகுதிகளைத்தான் பிணைப்பு தின்கிறது. இரண்டு மூன்று அளவில் செய்துபார்த்துத் தேர்ந்தெடு.

கடல்தண்ணீருக்குள்ளேயே மின்னழுத்தம் கொடுத்துப் படியவைக்க வேண்டாம். திறந்த சுற்றில், அதாவது மின்னழுத்தம் எதுவும் கொடுக்காமல், பிஎச் 5 முதல் 6 வரை சரிசெய்த மாதிரியில் கலக்கிக்கொண்டே பத்து நிமிடம் முக்கி வை. எடுத்துத் தூயநீரில் அலசி, புதிய அசிட்டேட் கரைசலுக்கு மாற்றி உடனே மைனஸ் 1.0 வோல்ட்டில் ஒரு நிமிடம் பிடி. பிறகு மின்னழுத்தத்தைச் சதுர அலையாகப் பூஜ்யத்தைச் சற்றுத் தாண்டும்வரை ஏற்று; படிந்த உலோகம் கரைந்து உச்சி தரும். உப்பும் அதோடு வரும் குழப்பமும் பெரும்பாலும் பழைய பாத்திரத்திலேயே நின்றுவிடும். வெள்ளி-வெள்ளி குளோரைடு ஒப்பீட்டு மின்வாய்க்கு எதிராக ஈயம் மைனஸ் 0.5 வோல்ட் பக்கத்திலும், செம்பு பூஜ்யத்தை ஒட்டியும் வரும். மாதிரியின் பிஎச் 4-க்குக் கீழே போனால் அமீன்களில் புரோட்டான் ஏறி உலோகத்தைத் தள்ளும்.

கைட்டோசான் செம்பைத்தான் இறுக்கமாகப் பிடிக்கும். செம்பு மிகுந்த துறைமுகத் தண்ணீரில் ஈயத்துக்கு இடம் கிடைக்காது. ஈய உச்சி சிறியதாக இருந்தால் ஈயம் இல்லை என்று எழுதிவிடாதே. காட்மியத்துக்கு இந்த மின்வாய் வேண்டாம். கடலில் அது குளோரைடோடு சேர்ந்தே கிடப்பதால் கைட்டோசான் சரியாகப் பிடிக்காது. அதற்கு, 2000-இல் வாங் குழுவினர் பாதரசத்துக்கு மாற்றாகக் கொண்டுவந்த பிஸ்மத் படலம் சரி.

அளவுத்திருத்தக் கோட்டைத் தூயநீரில் போட்டுக் கடலுக்குப் பொருத்துவது இந்த வேலையில் மிகப் பெரிய தவறு. அந்தந்த மாதிரியிலேயே அளவு தெரிந்த உலோகத்தைக் கூட்டிப் பார். 10 மில்லிலிட்டர் மாதிரிக்கு, லிட்டருக்கு 10 மில்லிகிராம் உள்ள ஈயக் கரைசலில் 10 மைக்ரோலிட்டர் விட்டால் லிட்டருக்கு 10 மைக்ரோகிராம் கூடும். குடிநீருக்கு இந்தியத் தரநிலையான ஐஎஸ் 10500 வைத்திருக்கிற ஈய வரம்பும் அதே அளவுதான். மூன்று முறை கூட்டு. கோடு வளைந்தால் பிடிமான இடங்கள் நிரம்பிவிட்டன என்று பொருள், முக்கி வைக்கும் நேரத்தைக் குறை. தூய திறந்த கடலின் ஈயம் லிட்டருக்கு நானோகிராம் கணக்கு. அதை இந்த மின்வாயிடம் கேட்காதே. துறைமுகம், கழிமுகம், கரையோர ஊற்று, இவைதான் உன் களம்.

வாடைக்காற்றில் வடகடல் (பாக் விரிகுடாப் பக்கம்) கலங்கும்போது எடுக்கும் தண்ணீரில் சேறும் கரிமப்பொருளும் இருக்கும். கரிமப்பொருள் மின்வாயில் ஒட்டி உச்சியை அமுக்கும். 0.45 மைக்ரான் வடிகட்டியில் முதலில் வடித்து, பிறகே அமிலம் சேர். அமிலத்தை முதலில் சேர்த்தால் சேற்றில் ஒட்டியிருந்த உலோகமும் கரைந்து வந்துவிடும். அதன்பின் கொஞ்சம் ஹைட்ரஜன் பெராக்சைடு விட்டுப் புற ஊதா விளக்கின் கீழ் வைத்தால் கரிமப்பொருள் சிதையும். முக்குவதற்கு முன் தூய சோடியம் ஹைட்ராக்சைடால் பிஎச்சைத் திரும்ப ஏற்ற மறக்காதே.

புட்டிகள் பாலிஎத்திலீனாக இருக்கட்டும், பத்து சதவீத நைட்ரிக் அமிலத்தில் ஒரு நாள் ஊறியவை. வள்ளத்தில் எஞ்சினை நிறுத்தி, அணியத்தில் (முன்பகுதியில்) நின்று, காற்று வரும் பக்கமாகக் கையை நீட்டி, நீருக்குள் ஒரு முழம் ஆழத்தில் மூடியைத் திற. தூள் தூவிய கையுறை வேண்டாம், அதில் துத்தநாகம் இருக்கலாம். தூயநீர் நிரப்பிய ஒரு புட்டியையும் கடலுக்குக் கொண்டுபோய், அங்கேயே திறந்து மூடி எடுத்து வா. அதில் வரும் ஈயம் உன் கையிலிருந்தும் புட்டியிலிருந்தும் வந்தது. அதை அறியாமல் எந்த எண்ணையும் அறிக்கையில் எழுதாதே.

மழைக்காலத்தில் ஆற்றங்கரை ஊரில் வைகைத் தண்ணீர் கடலில் கலக்கும் இடத்தில் எடுக்கும் மாதிரியைக் கரைசல் மாற்றாமல் நேராகவே அளக்க நேர்ந்தால், வெறும் வெள்ளிக் கம்பியை ஒப்பீட்டு மின்வாயாக வைக்காதே. உப்பு பத்தில் ஒரு பங்காகக் குறைந்தால் அதன் அழுத்தம் ஏறத்தாழ 59 மில்லிவோல்ட் நகரும், உச்சியும் கூடவே நகரும். பொட்டாசியம் குளோரைடு நிரம்பிய ஒப்பீட்டு மின்வாய்க் குழாயையே கொண்டுபோ.

பின்னணி மின்னோட்டத்தின் அடிக்கோட்டைக் கழிக்காத வரைபடங்களை எனக்கு அனுப்பு, உட்கார்ந்து பார்க்கிறேன்.

அன்புடன்,
அப்பா