ஆரத்தித் தண்ணீரும் ஒன்பதாம் வகுப்பும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நம் தென்னாப்பிரிக்காவில் 1956-ல் இனவெறி அரசை எதிர்த்து பிரிட்டோரியாவுக்கு ஊர்வலம் போன பெண்களைப் பற்றி உங்கள் ஆகஸ்ட் இதழில் படித்தேன். நல்ல கட்டுரை. அதோடு இன்னொன்றையும் இப்போதே பேசியாக வேண்டும். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் பத்தாம் வகுப்புக்கான பாடங்களைத் தேர்ந்தெடுக்கும் நேரம் இது. நம் பெண்பிள்ளைகள் கணிதத்தை விட்டுவிடக் கூடாது.

நான் சாட்ஸ்வொர்த்தில் சனிக்கிழமை தமிழ் வகுப்பு எடுக்கிறவள். கல்யாணத்துக்குப் போய்வந்த ஒரு சின்னப் பெண், "ஆரத்தித் தண்ணீர் ஏன் ஆயா சிவப்பா இருக்கு? குங்குமமா?" என்று கேட்டாள். புத்தகத்தை மூடிவைத்துவிட்டு ஒரு டம்ளர் தண்ணீரில் மஞ்சள்தூளைக் கலக்கினேன். ஒரு சிட்டிகை சுண்ணாம்பு போட்டதும் சிவந்துவிட்டது. எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தேன், பழையபடி மஞ்சள். மஞ்சளில் உள்ள குர்குமின் காரம் பட்டால் சிவக்கும், புளிப்பு சேர்ந்தால் நிறம் திரும்பிவிடும், அவ்வளவுதான். அப்புறம் சோப்பு, வினிகர் என்று கையில் கிடைத்ததையெல்லாம் அவர்களே ஊற்றிப் பார்த்தார்கள். என் மேசை விரிப்பு போனது போனதுதான்.

இந்தக் குழந்தைகளுக்கு ஆர்வத்தை யாரும் ஊட்ட வேண்டியதில்லை. பதினைந்து வயதில் அதைப் பிடுங்காமல் இருந்தால் போதும்.

என் பேத்திக்கு நடந்ததைச் சொல்கிறேன். "உனக்கு மேத்ஸ் லிட்டரசி போதும்" என்று பள்ளியில் சொல்லிவிட்டார்கள். கணிதத்துக்குப் பதிலாக எடுக்கிற, அன்றாடக் கணக்கு மட்டும் சொல்லித்தரும் எளிய பாடம் அது. அதே மதிப்பெண் வாங்கிய பையனிடம், "கொஞ்சம் முயற்சி பண்ணு, வந்துடும்" என்றார்களாம். என் மகனும், "சரி, கஷ்டப்படாம பாஸ் பண்ணட்டும்" என்கிறான். மேத்ஸ் லிட்டரசியை நான் குறை சொல்லவில்லை. கடன், வட்டி, பில் கணக்கெல்லாம் வாழ்க்கைக்குத் தேவைதான். ஆனால் அதை வைத்துக்கொண்டு மருத்துவமோ பொறியியலோ படிக்க முடியாது. பத்தாம் வகுப்பில் கணிதத்தை விட்டபின் திரும்பிப் போவதும் லேசில்லை. இது தெரியாமலேயே எத்தனையோ பெற்றோர் பாடத் தேர்வுப் படிவத்தில் கையெழுத்துப் போடுகிறார்கள்.

நம் பக்கத்து டோங்காட்டில் பிறந்தவர்தான் எச்.ஐ.வி. ஆய்வு விஞ்ஞானி குரைஷா அப்துல் கரீம். 2010-ல் அவரும் கணவரும் சேர்ந்து நடத்திய ஆய்வில், டெனோஃபோவிர் என்ற வைரஸ் எதிர்ப்பு மருந்து கலந்த ஜெல் பயன்படுத்திய பெண்களுக்கு எச்.ஐ.வி. தொற்று 39 விழுக்காடு குறைந்தது. நம் குவாசூலு-நட்டால் பெண்களிடமே நடந்த ஆய்வு அது. நம் பெண்பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அவர் பெயர் தெரியும்?

கோயில் கமிட்டிகளுக்கும் ஒரு வார்த்தை. பரதநாட்டியத்துக்கும் பாட்டுக்கும் மண்டபம் தருகிறீர்கள், சந்தோஷம். அதே மண்டபத்தில் சனிக்கிழமை இரண்டு மணி நேரம் கணக்கு வகுப்புக்கும் இடம் கொடுங்கள். சொல்லித்தர ஓய்வுபெற்ற ஆசிரியைகள் நம்மிடையே நிறையப் பேர் இருக்கிறார்கள்.

எந்தப் படிப்புக்கு எந்தக் கணிதம் வேண்டும் என்று அடுத்த இதழில் தமிழில் ஒரு பக்கம் போடுங்கள். என் மகன் இன்னும் கையெழுத்துப் போடவில்லை.

இப்படிக்கு,
ஒரு தமிழ் வகுப்பு ஆயா,
சாட்ஸ்வொர்த், டர்பன்