முன்னுரிமை கொடுத்தும் வீடியோ அழைப்பு திக்குவது ஏன்?

ஆசிரியருக்கு வணக்கம்.

வீடியோ அழைப்பு திக்கினால் ரவுட்டரில் 'க்யூஓஎஸ்' வசதியை, அதாவது எந்தத் தரவு முதலில் போகவேண்டும் என்று முன்னுரிமை தரும் அமைப்பை, இயக்கச் சொல்கிறார்கள். இயக்கிப் பார்த்தவர்கள் பலர், ஒரு மாற்றமும் இல்லையென்று அணைத்துவிடுகிறார்கள். கோளாறு பெரும்பாலும் ஒரே இடத்தில்தான்: வேகம் கேட்கும் கட்டத்தைக் காலியாக விடுகிறார்கள், இல்லையேல் இணைப்பின் முழு வேகத்தையும் எழுதிவிடுகிறார்கள்.

ரவுட்டரால் தன்னிடம் நிற்கும் வரிசையைத்தான் ஒழுங்குபடுத்த முடியும். எடுத்துக்காட்டாக, இணைப்பு 20 எம்பிபிஎஸ் பதிவேற்றம்தான் தாங்கும் என்று வையுங்கள். ரவுட்டரோ அதைவிடப் பல மடங்கு வேகத்தில் மோடத்துக்குள் தள்ளும். மிஞ்சும் பாக்கெட்டுகள் (தரவின் சிறு துண்டுகள்) மோடத்தில் குவிகின்றன. அங்கே பெரும்பாலும் முன்னுரிமை கிடையாது. முதலில் வந்தது முதலில் போகும். கைபேசி புகைப்படங்களை கிளவுடுக்கு ஏற்றும்போது அழைப்பின் பாக்கெட்டும் அவற்றின் பின்னால்தான் நிற்கும். பதிவிறக்கத்துக்கான ஒப்புகைகளும் ('வந்து சேர்ந்தது' என்று திருப்பி அனுப்பும் சிறு செய்திகள்) அதே வரிசையில் சிக்குவதால் பதிவிறக்கமும் மந்தமாகும்.

எனவே கேபிளில் இணைந்த கணினியில், மற்ற சாதனங்கள் சும்மா இருக்கும்போது, நெரிசலான மாலை நேரத்தில் வேகத்தை அளந்து, அதில் 85 முதல் 90 சதவீதத்தை எழுதுங்கள். 20 கிடைத்தால் 17 அல்லது 18. அப்போதுதான் வரிசை மோடத்தில் குவியாமல் ரவுட்டரிலேயே நிற்கும். பிறகு பெரிய கோப்பு ஒன்றை ஏற்றிக்கொண்டே பிங் (ஒரு பாக்கெட் போய்த் திரும்ப ஆகும் நேரம்) பாருங்கள். 15 மில்லி விநாடி 200-க்கு எகிறினால் எண்ணை இன்னும் குறைக்க வேண்டும். சிறிதளவே கூடினால் போதும். பதிவிறக்கத்தில் பிடி இவ்வளவு இறுகாது. குறுகிய பாதையைக் கடந்து வந்துவிட்ட பாக்கெட்டில் சிலவற்றைக் கைவிட்டு அனுப்புநரை நிதானிக்க வைப்பதுதான் ரவுட்டரால் ஆகும்.

செயலிகளைப் பட்டியலிட்டு 'உயர்', 'நடு' என வகுப்பதில் எனக்கு நம்பிக்கை குறைவு. இணையப் போக்குவரத்தில் பெரும்பகுதி இன்று 443 என்ற ஒரே போர்ட்டில் (இணைப்பு வாசல் எண்) மறையாக்கத்துடன் போகிறது. ரவுட்டர் பெரும்பாலும் ஊகிக்கிறது. 'எஃப்க்யூ-கோடெல்' அல்லது 'கேக்' என்ற வரிசை மேலாண்மை முறை இருந்தால் அதையே தேர்ந்தெடுங்கள். ஒவ்வொரு இணைப்பையும் தனித்தனி வரிசையாகப் பிரிப்பதால், பட்டியல் இல்லாமலே அழைப்புக்கு வழி கிடைக்கும்.

இதற்கு விலையும் உண்டு. க்யூஓஎஸ் இயங்கும்போது பல ரவுட்டர்களில் வன்பொருள் முடுக்கம் (பாக்கெட்டுகளைத் தனிச் சுற்றே விரைவாகக் கையாளும் வசதி) அணைந்து எல்லாச் சுமையும் ரவுட்டரின் சிபியுவின் தலையில் விழும். 500 எம்பிபிஎஸ் இணைப்பில் மலிவான ரவுட்டர் அங்கேயே மூச்சுவாங்கும்; பதிவேற்றத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

ஏதோ ஓர் அறையில் மட்டும் திக்கினால் அது பெரும்பாலும் வைஃபை சிக்னல் சிக்கல். அதற்கு க்யூஓஎஸ் பக்கத்தைத் திறக்கவே வேண்டாம்.

இப்படிக்கு,
வலையமைப்புத் துறை வாசகர்