இன்றைக்கு என்ன மீன்? சாப்பாட்டுக்கடை முதலாளிமாருக்கு ஒரு திறந்த மடல்

யாழ்ப்பாண நகரிலும் நல்லூர், திருநெல்வேலிப் பக்கங்களிலும் மத்தியானச் சாப்பாடு போடும் கடை முதலாளிமாருக்கு,

வணக்கம். நாங்கள் ஐந்து பெண்கள். ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள். மூவர் ஓய்வூதியக்காரர், ஒருத்தி இன்னும் வங்கியில் வேலை செய்கிறாள், நான் வீட்டில் இருந்து தைத்துக் கொடுக்கிறேன். மாதத்தில் ஒரு சனிக்கிழமை அடுப்பை அணைத்துவிட்டு உங்கள் கடைகளில் ஒன்றுக்கு வருகிறோம். கஸ்தூரியார் வீதியிலும் ஸ்ரான்லி வீதியிலும் நாங்கள் உட்காராத மேசை குறைவு. பெண்கள் கூட்டமாக வந்து சிரித்துக் கதைத்துச் சாப்பிட்டால் அடுத்த மேசை திரும்பிப் பார்த்த காலம் ஒன்று இருந்தது. இப்போது யாரும் பார்ப்பதில்லை. (எங்களுக்கு வயதாகிவிட்டதும் காரணமாக இருக்கலாம்.)

உங்களிடம் கேட்பது ஒன்றுதான். வாசலில் ஒரு கரும்பலகை வையுங்கள். அன்றைய கறிகளையும் மீனின் பெயரையும் விலையையும் வெண்கட்டியால் எழுதிவிடுங்கள்.

போன மாதம் ஒரு கடையில் மீன் சோறு கேட்டோம். என்ன மீன் என்று விசாரித்தேன். பரிமாற வந்த தம்பி குசினிப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, "பெரிய மீன்" என்றார். அப்படி ஒரு மீன் எந்தக் கடலில் இருக்கிறது? நடந்தால் குருநகர், சைக்கிளை மிதித்தால் பாசையூர். விளைமீனா, பாரையா, ஓராவா என்று பார்த்து, செவுளைத் தூக்கிச் சிவப்பா என்று பார்த்து வாங்கிப் பழகியவர்கள் நாங்கள். விளைமீன் என்றால் சொதியை நினைப்போம், திருக்கை என்றால் சரக்குப் போட்ட குழம்பை, சுறா என்றால் வறையை. பெயர் தெரியாமல் வாய் எதற்கு ஆயத்தமாவது? தம்பியில் குற்றமில்லை. காலையில் என்ன வாங்கினோம் என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

அன்றைக்கே இன்னொன்றும் நடந்தது. கேட்காமலே பொரித்த மீன், கணவாய், இறால், நண்டு என்று சிறு தட்டுகள் மேசைக்கு வந்தன. தொட்ட தட்டுக்குக் காசு, தொடாததற்கு இல்லை என்ற வழக்கம் எங்களுக்கும் தெரியும், பிடிக்கவும் செய்யும். நண்டு முருங்கையிலை போட்டு, கறுத்த தூளில் இறுகிப்போய் இருந்தது. முன்கையில் குழம்பு வழிய நண்டுக்காலைக் கடித்துக்கொண்டிருக்கும்போது விலை கேட்க யாருக்கு மனம் வரும்? கடைசியில் உள்ளங்கை அகலத் துண்டுக் காகிதம் ஒன்று வந்தது. அதில் ஒரே ஓர் இலக்கம்: 8,450. எங்களில் ஒருத்தி முப்பது வருடம் கணக்குப் படிப்பித்தவள். சோற்றைக் கழித்துப் பார்த்தாள், நண்டைப் பிரித்துப் பார்த்தாள், அவளாலும் முடியவில்லை. கேட்டபோது காசுமேசையில் இருந்தவர், நாங்கள் கடன் கேட்டதுபோலப் பார்த்தார்.

விலையைக் காட்சிக்கு வைப்பது 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்திலேயே உள்ள கடமை. சட்டம் பேசிச் சண்டை பிடிக்க வரவில்லை. நண்டு விலை கூடும், கடலுக்குப் போகாத நாளில் இன்னும் கூடும் என்று எங்களுக்குத் தெரியாதா? முன்னமே தெரிந்தால் இரண்டு தட்டை ஐந்து பேர் பகிர்ந்திருப்போம், அவ்வளவுதான்.

உங்கள் அச்சடித்த மெனு அட்டையைப் பாருங்கள். பிரைட் ரைஸ் ஒரு பக்கம், கொத்து ஒரு பக்கம். சோறு கறிக்கு ஒரே ஒரு வரி. கேட்கக் கேட்க வரும் சிவப்பரிசிச் சோறும், கத்தரிக்காய்ப் பால்கறியும், வாழைப்பூ வறையும், மாங்காய்ச் சம்பலும், பொரித்த மோர்மிளகாயும் அந்த ஒரு வரிக்குள் ஒளிந்துகிடக்கின்றன. உங்கள் சமையற்காரரின் கைவண்ணமே அதில்தான் இருக்கிறது. அதையே ஒளித்து வைத்திருக்கிறீர்கள்.

நல்லூர்க் கந்தசுவாமி கோயிலில் கொடியேறிவிட்டால் 25 நாளும் எங்களில் மூவர் மீன், இறைச்சி என்று எந்த மச்சமும் தொடுவதில்லை. அந்நாட்களில் மச்சமும் சமைக்கும் கடையென்றால், மரக்கறிக்குத் தனிச் சட்டியும் தனி அகப்பையுமா என்பதையும் பலகையில் எழுதினால், ஒவ்வொரு முறையும் குசினி வாசலில் போய் நின்று கேட்க வேண்டியிருக்காது.

இன்னும் ஓர் ஆசை. ரொறன்ரோவில் இருந்து வந்த எங்கள் தோழி ஒருத்தி ஒடியல் கூழ் குடிக்க வேண்டும் என்று நின்றாள். (காயவைத்த பனங்கிழங்கை இடித்த மாவில் காய்ச்சுவது. ஆடிக்கூழ் அல்ல, அது இனிப்பு, வேறு கதை.) மூன்று கடை ஏறி இறங்கினோம், கிடைக்கவில்லை. உங்கள் சிரமம் புரிகிறது. மீன்தலை, நண்டு, இறால், பயிற்றங்காய், பலாக்கொட்டை எல்லாம் அவிய வேண்டும். கடைசியில் ஒடியல் மாவைக் கரைத்து விட்டுக் கட்டிபடாமல் துழாவ வேண்டும். இரண்டு பேருக்காகப் பானை ஏற்ற முடியாது. ஆனால் மாதத்தில் ஒரு சனிக்கிழமை கூழ் என்று ஒரு கிழமைக்கு முன்னமே பலகையில் எழுதுங்கள். பானை மிஞ்சாது.

நாங்கள் வரும் சனிக்கிழமை பன்னிரண்டரைக்கு வருகிறோம். வழமைபோல ஐந்து பேர்தான். கூழ் என்று எழுதியிருந்தால் பத்துப் பேராக வருவோம், கூழ் குடிக்கப் பலா இலையும் நாங்களே கொண்டுவருவோம்.

இப்படிக்கு,
ஐவர் சார்பில் ஒருத்தி