அந்தக் குறிப்பை யாரெல்லாம் படித்தார்கள்? – டிக்கெட் மென்பொருள் நிறுவனம் ஒன்றுக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிர்வாகத்தினருக்கு,

வணக்கம். டிக்கெட் எடுக்கும்போது உங்கள் படிவத்தில் என் தம்பியின் நோயைப் பற்றி நான் எழுதிய குறிப்பு, அவனோடு வேலை பார்ப்பவர் கண்ணில் பட்டுவிட்டது. நடந்தது உங்களுக்குத் தெரியும். நான் அனுப்பிய மின்னஞ்சல்களும், அவற்றுக்கு உங்கள் வாடிக்கையாளர் சேவைப் பிரிவு அனுப்பிய 'தங்கள் மேலான கருத்துக்கு நன்றி' பதில்களும் உங்களிடமே இருக்கின்றன. ஆகவே முழுக் கதையையும் மறுபடி ஒப்பிக்கப் போவதில்லை. தனியாகக் கேட்டுப் பதில் வராததால் பொதுவில் கேட்கிறேன். உங்கள் பெயரை எழுதாமல் விட்டிருக்கிறேன். கிட்டத்தட்ட இதே மென்பொருளை வேறு நிறத்தில் விற்கிறவர்களும் இதைப் படிக்க வேண்டும் என்பதற்காக.

நான் கேட்பது ஒன்றுதான். எங்கள் விவரங்களை, தேவைப்படும் ஆளுக்குத் தேவையான அளவு மட்டும் காட்டுங்கள்; தேவை முடிந்ததும் அழித்துவிடுங்கள்.

இதைச் சொன்னபோதெல்லாம், 'எங்கள் சர்வர்கள் பாதுகாப்பானவை, தரவு முழுவதும் என்கிரிப்ட் செய்யப்பட்டிருக்கிறது' (அதாவது, சாவி இல்லாதவர் படிக்க முடியாதபடி மாற்றி வைக்கப்பட்டிருக்கிறது) என்ற பதிலே வந்தது. இருக்கட்டும், நம்புகிறேன். ஆனால் என் தம்பியின் விஷயம் வெளியே போனபோது உங்கள் சர்வரை யாரும் உடைக்கவில்லை. அனுமதி உள்ள ஒருவர், சரியான கடவுச்சொல் போட்டு உள்ளே வந்து, நீங்களே வைத்துக் கொடுத்த பொத்தானை அழுத்தினார். அவ்வளவுதான் நடந்தது.

தம்பிக்கு வலிப்பு நோய் உண்டு. மருந்தில் கட்டுக்குள் இருக்கிறது. எல்லோரையும் போல வேலைக்குப் போய் வருகிறான். வெட்டி வெட்டி எரியும் விளக்குகள் வலிப்பைத் தூண்டுவது இந்த நோய் உள்ளவர்களில் சிறு பகுதியினருக்குத்தான். அந்தச் சிறு பகுதியில் அவனும் ஒருவன். இசை நிகழ்ச்சிக்கு டிக்கெட் எடுத்தபோது உங்கள் படிவத்தில் 'சிறப்பு உதவி ஏதேனும் தேவையா?' என்று ஒரு கட்டம் இருந்தது. கேட்கிறார்களே என்ற நிம்மதியில் எல்லாவற்றையும் எழுதினேன். நோயின் பெயர், சாப்பிடும் மாத்திரை, வெளியேறும் வழிக்குப் பக்கத்தில் இருக்கை வேண்டும் என்பது, ஒருவேளை விழுந்துவிட்டால் பிடித்து அழுத்தக் கூடாது, வாயில் எதையும் திணிக்கக் கூடாது, ஒருக்களித்துப் படுக்கவைக்க வேண்டும் என்பது வரை. இதை யார் படிப்பார்கள், எவ்வளவு நாள் வைத்திருப்பீர்கள் என்று அந்தக் கட்டத்தின் அடியில் ஒரு வரிகூட இல்லை. ஆனால் கேட்ட இருக்கை கிடைத்தது. அதற்கு நன்றி, மனதாரவே சொல்கிறேன்.

அப்புறம் நடந்தது வேறு. அரங்கில் கூட்டம் சேர்ந்தால் இணையம் படுத்துவிடும், ஸ்கேனர் வேலை செய்யாவிட்டாலும் பெயரைப் பார்த்து உள்ளே விடலாம் என்று நினைத்து, அமைப்பாளர் மொத்தப் பட்டியலையும் எக்செல் கோப்பாக இறக்கி வாசல் தன்னார்வலர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டிருக்கிறார். அவரிடம் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. பெயர், கைபேசி எண், மின்னஞ்சல், பிறந்த தேதி, இருக்கை எண், கடைசிப் பத்தியில் 'குறிப்பு'. அந்தக் கோப்பைப் பிறகு நானும் பார்த்தேன். பெரும்பாலானவர்களுக்குக் குறிப்பு காலி. தம்பிக்கு மட்டும் நான் எழுதியது அத்தனையும் ஒரே கட்டத்துக்குள் அடைபட்டு, அந்த ஒரு வரிசை மட்டும் மற்றவற்றைவிடப் பல மடங்கு உயரமாகப் புடைத்து நின்றது. தேடிப் பார்க்க வேண்டியதே இல்லை. கோப்பைத் திறந்து விரலால் நகர்த்தினால் கண் தானாகவே அங்கே போய் நிற்கும்.

தன்னார்வலர்களில் ஒருவர் தம்பியோடு வேலை பார்ப்பவர். அடுத்த வாரம் அலுவலகத்தில், நாலு பேர் இருக்கும்போது, 'உடம்பைப் பார்த்துக்கொள்ளப்பா, இவ்வளவு இருக்கிறது, ஒரு வார்த்தை சொல்லவில்லையே' என்றிருக்கிறார். அக்கறையில் கேட்டதுதான். அதற்குப் பிறகு மேலாளர், 'உன் நல்லதுக்குத்தான்' என்று சொல்லி அவனை வெளிவேலைகளிலிருந்து எடுத்துவிட்டார். நோயைப் பற்றி அலுவலகத்தில் அவன் யாரிடமும் சொன்னதில்லை. சொல்வதா, யாரிடம், எப்போது என்பதெல்லாம் அவன் முடிவு செய்ய வேண்டியவை. இப்போது அவன் சொல்வது இதுதான்: இனி எந்தப் படிவத்திலும் அந்தக் கட்டத்தை நிரப்ப மாட்டேன். அதாவது அடுத்த முறை விளக்கு வெட்டும் அரங்கில் அவன் பாட்டுக்கு நடுவரிசையில் உட்கார்ந்திருப்பான், பக்கத்தில் இருப்பவர்களுக்கு எதுவும் தெரியாது. நீங்கள் அந்தக் கட்டத்தை எதற்காக வைத்தீர்களோ, அந்த நோக்கமே போய்விட்டது.

உங்களிடம் கேட்டால், 'தரவுக்குப் பொறுப்பு அமைப்பாளர். நாங்கள் அவர் சொன்னதைச் செய்யும் கருவி' என்கிறீர்கள். அமைப்பாளரிடம் கேட்டால், 'மென்பொருள் கொடுத்ததைத்தானே எடுத்தேன்' என்கிறார். அந்தக் கோப்பை எந்தக் கணக்கிலிருந்து, எப்போது, யார் இறக்கினார்கள் என்று கேட்டேன். அப்படி ஒரு பதிவு வைத்திருப்பதில்லை என்றீர்கள். ஆனால் உங்கள் விளம்பர மின்னஞ்சலை நான் எத்தனை மணிக்குத் திறந்தேன் என்பதற்கு மட்டும் பதிவு இருக்கும், இல்லையா?

உங்கள் தளத்தின் அடியில் ஜிடிபிஆர் இணக்கம் என்று ஒரு முத்திரை இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 மே முதல் நடைமுறையில் உள்ள அந்தத் தனிநபர் தரவுப் பாதுகாப்பு விதிகளும் அமைப்பாளரையும் மென்பொருள்காரரையும் பிரித்துத்தான் பார்க்கின்றன. ஆனால் அதன் 32-ஆம் பிரிவு பாதுகாப்புக் கடமையை இருவர் தலையிலும் வைக்கிறது. 9-ஆம் பிரிவு உடல்நலத் தகவலைத் தனி வகையாக எடுத்து வைத்துக் கூடுதல் கட்டுப்பாடு போடுகிறது. உங்கள் மென்பொருளிலோ நோயின் பெயரும் இருக்கை எண்ணும் பக்கத்துப் பக்கத்துப் பத்திகள். முத்திரையை ஒட்டியவர்கள் அந்தப் பிரிவுகளையும் ஒருமுறை படித்திருக்கலாம்.

உங்களுக்குத் தெரியாமல் நடக்கிறது என்றும் சொல்ல முடியாது. கார்டு விவரங்களை எப்படிக் கையாளுகிறீர்கள் என்று பாருங்கள். முழு கார்டு எண் அமைப்பாளருக்குத் தெரியாது. கடைசி நான்கு இலக்கம் தெரிந்தாலே அதிகம். எண்ணுக்குப் பதிலாக ஒரு டோக்கன்தான், அதாவது திருடினாலும் கார்டு எண்ணைக் காட்டிக்கொடுக்காத ஒரு மாற்றுக் குறியீடுதான், உங்களிடம் தங்குகிறது. கார்டின் பின்னால் உள்ள மூன்று இலக்கத்தைப் பணம் செலுத்தும் ஒப்புதல் கிடைத்தபின், என்கிரிப்ட் செய்துகூட வைத்திருக்கக் கூடாது என்பது, கார்டு நிறுவனங்கள் வகுத்த பாதுகாப்புத் தரமான பிசிஐ-யின் விதி. அதையெல்லாம் ஒழுங்காகப் பின்பற்றுகிறீர்கள். ஏன்? மீறினால் அபராதம் வரும், கார்டில் பணம் பெறும் உரிமையே போகும். கார்டு எண் திருடு போனால் வங்கி புது கார்டு கொடுத்துவிடும். தம்பியின் நோய் தெரிந்துபோனதை யார் மாற்றிக் கொடுப்பது? அதற்கு அபராதம் போட ஆளில்லாததால் அது எக்செலில் போகிறது.

வாசலுக்கு உண்மையில் என்ன வேண்டும்? டிக்கெட்டில் இருக்கும் கியூஆர் குறியீட்டுக்குள் யூகிக்க முடியாத ஓர் எண் இருந்தால் போதும். அது செல்லுமா, ஏற்கெனவே உள்ளே வந்துவிட்டதா, எந்த வாசல், எந்த இருக்கை – ஸ்கேன் செய்பவருக்கு இவ்வளவே தெரிய வேண்டும். பிறந்த தேதி எதற்கு? வயது வரம்பு இருந்தால் 'ஆம்', 'இல்லை' என்று காட்டலாமே. இணையம் இல்லாத நேரத்துக்கும் வழி இருக்கிறது. குறியீட்டை உங்கள் டிஜிட்டல் கையொப்பத்தோடு (வேறு யாராலும் போட முடியாத, ஆனால் யாரும் சரிபார்க்கக்கூடிய கணினி முத்திரை) உருவாக்கினால், ஸ்கேனர் இணையம் இல்லாமலே அது அசலா போலியா என்று சொல்லிவிடும். ஒரே டிக்கெட்டில் இரண்டு பேர் நுழையாமல் தடுக்க, வந்துசேர்ந்த எண்களை வாசலில் உள்ள கருவிகள் தங்களுக்குள் பகிர்ந்துகொண்டால் போதும். வெறும் எண்கள், ஒரு பெயர்கூட வேண்டியதில்லை. இது எதுவும் புதிய கண்டுபிடிப்பும் இல்லை. உங்கள் பொறியாளர்களுக்கு இதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

உதவிக் குறிப்பைப் பார்க்க வேண்டியவர் அந்தப் பகுதிக்குப் பொறுப்பான உதவியாளர் ஒருவர்தான். அவருக்கும் நிகழ்ச்சி நாளன்று மட்டும், திரையில் மட்டும் தெரிந்தால் போதும். வாசலில் நிற்கும் அத்தனை பேருக்கும் ஒரே லாகின், ஒரே கடவுச்சொல், அதையும் அட்டையில் எழுதி மேசையில் ஒட்டி வைப்பது – இந்தப் பழக்கத்தை உங்கள் மென்பொருள் தடுக்கவும் இல்லை, ஏன் என்று கேட்கவும் இல்லை.

இனி அழிப்பதைப் பற்றி. பல வருடம் முன்பு எதற்கோ டிக்கெட் எடுத்தவர்களுக்கெல்லாம் 'உங்களை மறக்கவில்லை!' என்று மின்னஞ்சல் அனுப்புகிறீர்களே, அதைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. மறந்துவிடுங்கள் என்றுதானே கேட்கிறோம். 2018-இல் டிக்கெட்ஃப்ளை என்ற டிக்கெட் விற்பனை நிறுவனத்தில் சுமார் 2 கோடியே 70 லட்சம் கணக்குகளின் பெயர், முகவரி, மின்னஞ்சல், தொலைபேசி எண் வெளியே போயின. அத்தனை பேரும் அந்த வாரம் நிகழ்ச்சிக்குப் போக வேண்டியவர்களா? அதே 2018-இல் டிக்கெட்மாஸ்டர் என்ற இன்னொரு டிக்கெட் நிறுவனத்தின் பணம் செலுத்தும் பக்கத்தில் இருந்த, வேறொரு நிறுவனத்தின் அரட்டைப் பெட்டி வழியாகக் கார்டு விவரங்கள் திருடு போயின. பிரிட்டனின் தகவல் ஆணையர் அலுவலகம் 2020-இல் 12.5 லட்சம் பவுண்டு அபராதம் போட்டது. 'அது வெளி நிறுவனத்தின் பிழை' என்ற வாதம் அங்கே எடுபடவில்லை. இதையும் உங்கள் கவனத்துக்கு வைக்கிறேன்.

2024 மே மாதம் மறுபடியும் டிக்கெட்மாஸ்டர். இந்த முறை வெளி நிறுவனத்தின் கிளவுடில், அதாவது இணையம் வழியாக வாடகைக்கு எடுத்த கணினிகளில், இருந்த தரவுத்தளம். அந்தச் சமயத்தில் ஸ்னோஃப்ளேக் என்ற கிளவுட் நிறுவனத்தின் வாடிக்கையாளர்கள் பலரின் தரவு வரிசையாகக் களவுபோனதை ஆராய்ந்த மாண்டியன்ட் என்ற இணையப் பாதுகாப்பு நிறுவனம் சொன்னதைப் படித்திருப்பீர்கள். களவுக்கு ஆளான கணக்குகளில் இரண்டடுக்குச் சரிபார்ப்பு (கடவுச்சொல்லோடு இன்னொரு சான்றும் கேட்பது) இல்லை. திருடர்கள் கையிலிருந்த கடவுச்சொற்களில் சில 2020-இலேயே திருடப்பட்டவை, அதன்பின் மாற்றப்படவே இல்லை. அங்கேயும் யாரும் என்கிரிப்ஷனை உடைக்கவில்லை. லாகின் செய்து உள்ளே போனார்கள். தரவைக் குவித்து வைத்தவரின் கடவுச்சொல் ஒன்று போனால் குவியல் முழுவதும் போகும். குவியலே இல்லாவிட்டால் திருட என்ன இருக்கும்?

அழிக்கச் சொல்லி நானும் விண்ணப்பித்தேன். நான் நான்தான் என்று நிரூபிக்க அரசு அடையாள அட்டையின் இரண்டு பக்கத்தையும் படமெடுத்து அனுப்பச் சொன்னீர்கள். டிக்கெட் விற்கும்போது மின்னஞ்சல் முகவரி ஒன்றே போதுமானதாக இருந்தது. அழிக்கச் சொன்னால் மட்டும் இதுவரை உங்களிடம் இல்லாத ஒரு விவரத்தையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். அந்தப் படத்தை எப்போது அழிப்பீர்கள் என்று கேட்டேன். 'தங்கள் மேலான கருத்துக்கு நன்றி.'

சரி. கோபத்தில் எழுதிக்கொண்டே போனால் கேட்க வந்தது நின்றுவிடும். பணிவாகவே கேட்கிறேன். மொத்தப் பட்டியலை இறக்கும் வசதியில் உதவிக் குறிப்பும் பிறந்த தேதியும் தானாக வந்து சேராதபடி மாற்றுங்கள். யாருக்காவது அவை கட்டாயம் வேண்டுமென்றால் காரணம் எழுதிவிட்டு எடுக்கட்டும், எடுத்தவர் பெயர் பதிவாகட்டும். வாசலில் நிற்கும் ஒவ்வொருவருக்கும் தனி லாகின் கொடுங்கள். நிகழ்ச்சி முடிந்த இரவே அது காலாவதியாகட்டும். உதவிக் குறிப்பு மறுநாளே போய்விட வேண்டும். பணம் திருப்பிக் கேட்கும் காலம் முடிந்ததும் மற்ற விவரங்களும் போகட்டும். கணக்குக்கும் வரிக்கும் ரசீதுகளை வைத்திருக்க வேண்டியிருக்கும் என்பது தெரியும், வைத்துக்கொள்ளுங்கள். அதில் தொகையும் தேதியும் இருக்கட்டும், தம்பியின் மாத்திரைப் பெயர் வேண்டாம். பேக்கப் நகல்களிலிருந்து நீங்கக் கொஞ்ச நாள் பிடிக்கும் என்றால் எவ்வளவு நாள் என்று சொல்லிவிடுங்கள், காத்திருக்கிறோம்.

இவற்றையெல்லாம் 'அமைப்பாளர் விரும்பினால் அமைப்புகளில் மாற்றிக்கொள்ளலாம்' என்று எங்கோ ஒரு மூலையில் ஒளித்து வைக்காதீர்கள். ஆயிரம் வேலைக்கு நடுவே நிகழ்ச்சி நடத்துபவர் அதைத் தேடிப் போகமாட்டார். வாங்கிய நாளிலேயே அப்படித்தான் இருக்க வேண்டும்: தேவைப்படும் ஆளுக்குத் தேவையான அளவு, தேவை முடிந்ததும் அழிப்பு. தளர்த்த வேண்டுமென்றால் அவர்கள் மெனக்கெடட்டும்.

ஏற்கெனவே வெளியே போன அந்தக் கோப்பை உங்களால் திரும்ப அழைக்க முடியாது என்பதும் தெரியும். அமைப்பாளருக்கும், அவர் வழியாகத் தன்னார்வலர்களுக்கும், அதை நீக்கச் சொல்லி உங்கள் பெயரில் ஒரு கடிதம் அனுப்பலாம். அந்தப் பட்டியலில் இருந்த மற்றவர்களுக்கும் நடந்ததைச் சொல்லிவிடுங்கள். அவர்களில் யாருக்கும் இன்றுவரை இது தெரியாது.

இந்த மடலுக்குப் பொதுவிலேயே பதில் எழுதினால் போதும். எந்தத் தேதியிலிருந்து இந்த மாற்றங்கள் என்பது அதில் இருக்கட்டும். தயவுசெய்து என் தம்பியின் பெயரைப் பதிலில் குறிப்பிட வேண்டாம். மின்னஞ்சலில் நகல் அனுப்புவதானால், உங்கள் வழக்கப்படி எல்லோர் முகவரியும் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி அனுப்பாமல் இருந்தால் நன்றியுடையவனாக இருப்பேன்.

இப்படிக்கு,
உங்கள் பட்டியலில் இன்னமும் இருக்கும் ஒரு பார்வையாளர்