தாத்தாவின் மருந்துப் பெட்டியைத் திறந்த தம்பிக்கு

தம்பி,

கடலூர் முதுநகர் வீட்டுப் பரணிலிருந்து இறக்கிய பெட்டியில் எதை முதலில் எடுத்துப் பற்பம் (பொருளைச் சுட்டு எடுக்கும் சித்த மருந்துப் பொடி) செய்யக் கற்பது என்று கேட்டிருந்தீர்கள். சங்கை எடுங்கள். கஸ்தூரியையும் மான்கொம்பையும் தொடவே வேண்டாம். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இரண்டுக்கும் பொருந்தும். தானாக உதிர்ந்த கொம்பென்றாலும் விற்கவோ வாங்கவோ முடியாது. வனத்துறைக்குத் தெரிவித்து ஒப்படைத்துவிடுங்கள். மான்கொம்பைச் சுட்டெடுக்கும் சிருங்கி பற்பம் கற்காமல் போனால் குடி முழுகிவிடாது.

கோரோசனை மாட்டின் பித்தப்பைக் கல். அரிதாகக் கிடைப்பதால் போலி அதிகம். உடைத்துப் பாருங்கள்: நல்லதில் வெங்காயம்போல் அடுக்கடுக்காக இருக்கும். மஞ்சளைப் பிசைந்து உருட்டியதில் அடுக்கே இராது.

இனி சங்கு. அதைச் சுத்தி (சுத்தம்) செய்யும் முறைக்குத் தாத்தாவின் ஏட்டையே பாருங்கள். எலுமிச்சைச் சாறு என்றிருந்தால் சொன்ன நேரத்துக்கு மேல் ஊறவிடாதீர்கள். புளிப்பு சங்கையே நுரைக்க நுரைக்கக் கரைத்துவிடும். கழுவி உலர்த்தி, பொடித்து, ஏட்டில் சொன்ன மூலிகைச் சாறு விட்டு அரைத்து வில்லை தட்டுங்கள். வில்லை உள்ளும் புறமும் காய வேண்டும். ஈரம் இருந்தால் ஆவி அகலைத் தூக்கிவிடும். வில்லையை ஓர் அகலில் வைத்து, இன்னோர் அகலால் மூடி, ஏழு சீலைமண் (மண் பூசிய துணிச் சுற்று) செய்யுங்கள். ஒவ்வொரு சுற்றும் காய்ந்த பிறகே அடுத்தது. ஓரத்தில் வெடிப்பு விட்டால் வரட்டிச் சாம்பல் உள்ளே இறங்கும்.

புடம் என்பது அந்த அகலை வரட்டித் தீயில் சுடுவது. புடத்தின் பெயரே வரட்டிக் கணக்கு: குக்குட புடத்துக்கு 10, வராக புடத்துக்கு 50, கச புடத்துக்கு 1000. ஏட்டில் உள்ள எண்ணிக்கைக்கு மேல் வரட்டியைக் கூட்டாதீர்கள். வெப்பம் 900 டிகிரியை நெருங்கினால் சங்கு சுட்ட சுண்ணாம்பாகிவிடும். முழுக்க அப்படி ஆனால் 100 கிராமுக்கு 56 கிராம்தான் மிஞ்சும். ஆகவே போடும்போதும் எடுக்கும்போதும் நிறுத்துக் குறித்து வையுங்கள். எடுத்த பொடியில் சிட்டிகை எடுத்து நீர் தெளித்து மஞ்சள்தூளோடு குழைத்துப் பாருங்கள். சிவந்தால் சுண்ணாம்புக் காரம் ஏறியிருக்கிறது, நாக்கில் வைக்காதீர்கள். சாம்பல் நிறமாக வந்தால் சாற்றின் கரி எரியாமல் நிற்கிறது. அதே சாற்றில் அரைத்து இன்னொரு புடம் போடலாம். சரியான பற்பம் வெளுத்து, சுவையற்று, விரல் ரேகைக்குள் படியும்.

நம் கரையில் ஐப்பசி, கார்த்திகையில் புடம் வேண்டாம். வரட்டி நமுத்துக் கிடக்கும், சீலைமண் காயாது. அதுவரை ஏட்டைப் படியெடுத்து வைத்து, தை பிறந்ததும் 10 வரட்டியில் தொடங்குங்கள். ஆறிய மருந்தை அன்றே கண்ணாடிக் குப்பியில் அடைத்துவிடுங்கள், கடற்காற்று பொல்லாதது.